துன்பம் வந்த வீட்டில் கேட்கப்படும் கேள்விகள்

நான் குருக்களும் இல்லை, பாதிரியாரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சைவசமயம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். குரல் கொஞ்சம் எடுபடும் என்பதால் செத்தவீடுகளுக்குச் சுண்ணம் படிக்கக் கூப்பிடுவார்கள். உரலைச் சுற்றி நின்று திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடி முடித்து, பெட்டி எடுத்து, சனம் கலைந்த பிறகு, விறாந்தையில் யாராவது ஒருவர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போடுவார். "மாஸ்ரர், ஒண்டு கேக்கலாமோ?" என்று தொடங்குவார். அப்படிக் கேட்ட கேள்விகள்தான் இவை. கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். சைவத்துக்கு வெளியிலிருந்து கேட்டவர்களும் இதில் இருக்கிறார்கள்.

நாங்கள் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஏன் எங்கள் பிள்ளைக்கு இப்படி?

தெரியாது.

இந்த ஒரு சொல்லைச் சொல்லப் பழக எனக்கு இருபது வருடம் எடுத்தது. அதற்கு முன் என்னிடம் நல்ல பதில் இருந்தது. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் (முன் பிறவிகளில் சேர்ந்த வினை, இப்போது அனுபவிக்கிற வினை, இனிச் சேர்கிற வினை) என்று கரும்பலகையில் மூன்று கட்டம் கீறி, அம்புக்குறி போட்டு விளக்குவேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள், சோதனையில் புள்ளி எடுப்பார்கள்.

1998இல் எங்கள் மூத்தவன் ஒன்பது வயதில் நாலு நாள் காய்ச்சலில் போனான். என்ன காய்ச்சல் என்று கடைசி வரை ஒருவரும் சொல்லவில்லை. எட்டாம் நாள் செலவு அன்று தூரத்து உறவில் ஒரு மாமி வந்து என் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தார். முதுகைத் தடவிக்கொண்டே, "போன பிறப்பிலை ஆற்றை பிள்ளையைப் பறிச்சியோ, அதுதான் உன்ரையை எடுத்திட்டான்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். மனைவியின் மடியில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்று கிடந்தது. அதன் லேசை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தவள், அந்தச் சொல்லோடு விரலை நிறுத்திவிட்டாள். லேஸ் பாதி சுற்றியபடியே நின்றது.

மாமியைத் திட்ட வாய் வரவில்லை. அவர் சொன்னது நான் படிப்பித்த பாடம்தானே.

அப்படியென்றால் வினை என்பதெல்லாம் பொய்யா? நீங்களே சைவ வாத்தியார்!

பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது யாருடைய வாயிலிருந்து வரலாம் என்பதில் எனக்கு இப்போது பிடிவாதம் உண்டு.

சைவ சித்தாந்தம் சொல்வது இதுதான். உயிர் என்றைக்குமே இருப்பது. ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலமும் அதைப் பிடித்திருக்கின்றன. இறைவன் வினைப்பயனை ஊட்டுவது அந்த அழுக்கைக் கழற்றத்தான், பழிவாங்க இல்லை. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரத்தில் கட்டி வைத்த பெரிய வீடு அது. அதில் குடியிருந்தவர்கள் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டிலிருந்து கல்லைப் பிடுங்கி அடுத்தவன் தலையில் எறியலாம் என்று மெய்கண்டார் எங்கும் சொல்லவில்லை.

அப்பரைப் பாருங்கள். சூலைநோய் வயிற்றைக் குடைகிறது. திருவதிகையில் நின்று பாடுகிற முதல் பதிகத்தின் முதல் அடியிலேயே "கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நான் அறியேன்" என்கிறார். யமன் மாதிரி வந்து நிற்கிற இந்த நோயை நீர் விலக்கவில்லை, நான் செய்த கொடுமைகள் எவையென்று நான் அறியேன் என்பது பொருள். செய்யவே இல்லை என்று அவர் வாதாடவில்லை, இன்னதைச் செய்தேன் என்று கணக்கும் காட்டவில்லை. "நான் அறியேன்" என்று நிற்கிறார், நின்றபடியே நோவை எடுத்துவிடு என்று கேட்கிறார். தன் வினையைப் பற்றி நாயனாருக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியின் வினை மாமிக்கு எப்படித் தெரியும்?

சம்பந்தர் இன்னும் ஒரு படி போகிறார். கொடிமாடச்செங்குன்றூரில், இப்போது திருச்செங்கோடு, கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. அந்த வினைக்கு இந்த வினை என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, உய்ய வழி, அவர் சொல்லில் "உய்வினை", தேடாமல் இருப்பது உங்களுக்குத்தான் ஊனம் என்று பாடினார். "அவ்வினைக்கு இவ்வினை" என்று தொடங்கும் அந்தப் பதிகத்தை நானே எத்தனையோ தரம் பாடமாக்கி ஒப்புவித்திருக்கிறேன். அது கண்டிப்பு என்று எனக்கு உறைத்தது பிள்ளை போன பிறகுதான்.

ஆகவே, "இது என் வினை" என்று நீங்களாகச் சொல்லி அதனால் உங்களுக்கு நெஞ்சு ஆறுகிறதா, சொல்லுங்கள். இன்னொருவரைப் பார்த்து "இது உன் வினை" என்று சொல்ல வாய் எழுந்தால், பிளேன்ரீயை ஒரு வாய் குடியுங்கள்.

நவாலியில் தேவாலயத்துக்குள் ஒதுங்கிய சனத்தையே கடவுள் காப்பாற்றவில்லை. பிறகென்ன நம்பிக்கை?

1995 ஜூலை 9. குண்டுவீச்சுக்குப் பயந்து இடம்பெயர்ந்து வந்த சனம் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதைச் சுற்றியும் இருந்தது. விமானம் வந்து போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

கடவுள் ஏன் அதைத் தடுக்கவில்லை என்ற கேள்விக்கு முதலாவது கேள்விக்குச் சொன்ன பதிலேதான். ஆனால் யார் போட்டது, யார் போடச் சொன்னது என்ற கேள்வியும் இருக்கிறதே. அதற்குத் தெய்வ ரகசியம் ஒன்றும் தேவையில்லை, மனிதரே பதில் சொல்ல வேண்டும். நாங்கள் என்ன செய்கிறோம் என்றால் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டு "விதி" என்று முடிச்சுப் போட்டுவிடுகிறோம். விதி என்று சொன்னால் ஆகச் சந்தோசப்படுகிறவன் குண்டு போட்டவன்தான்.

2004 டிசம்பர் 26 வேறு. வடமராட்சி கிழக்குக் கரையில் நத்தாருக்கு மறுநாள் காலை, முதல்நாள் உடுப்பே இன்னும் தோய்க்காத நேரத்தில் கடல் வந்தது. கடலின் மேல் வழக்குப் போட முடியாது. அங்கே வருகிற "ஏன்" வேறு, நவாலியில் வருகிற "ஏன்" வேறு. ஒன்றுக்கு அழத்தான் முடியும். மற்றதற்கு அழவும் வேண்டும், நீதியும் கேட்க வேண்டும். நீதி கேட்பதை நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

90இல் முஸ்லிம்களை அனுப்பினோம், 95இல் நாங்கள் போனோம். இது வினைதானே?

இதை மெல்லிய குரலில் கனபேர் கேட்டிருக்கிறார்கள். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் இரண்டே மணித்தியாலம் கொடுத்து வெளியேற்றினார்கள். சரியாக ஐந்து வருடத்தில், 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. நானும் நடந்தேன். தோளில் சின்னவன், சைக்கிளில் அம்மாவும் ஒரு மூட்டை அரிசியும். முஸ்லிம்கள் இருந்த சோனகத்தெருவில் பூட்டிக் கிடந்த வீடுகள் அந்த இரவில் எனக்கும் ஞாபகம் வந்தன.

திகதி ஒன்றாக இருப்பது நெஞ்சைக் குத்தத்தான் செய்யும். "அன்றைக்கு நாங்கள் வாய் திறக்கவில்லை" என்ற குற்ற உணர்ச்சியாக அது வந்தால் வரட்டும். வரவேண்டியதுதான். ஆனால் பாலத்தில் நெரிசலில் கைதவறிப்போன பிள்ளைகளுக்கு 90இல் வயதே இல்லை. அந்தக் கணக்கை அதுகளின் தலையில் எழுதுகிற கடவுளை நான் கும்பிடத் தயாரில்லை.

கடவுள் மேல் கோபம் கோபமாக வருகிறது. சாமிப் படத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். பாவமா?

படத்தைத் திருப்பித்தானே வைத்தீர்கள், எறியவில்லையே. கோபம் இருக்கிற இடத்தில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இல்லாத ஒருவரோடு யாரும் கோபிப்பதில்லை.

சுந்தரர் ஒரு கண் இன்னும் தெரியாமல் திருவாரூர் வாசலில் வந்து நின்று பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு "வாழ்ந்து போதீரே" என்று முடிப்பார். உரையாசிரியர்கள் பக்குவமாகப் பொருள் எழுதுவார்கள். எங்கள் ஊர்ப் பாசையில் சொன்னால், வயிறெரிந்து "நீங்கள் நல்லாய் இருங்கோ!" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்துவோமே, அதுதான். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதால் வந்த குருடு அது, பிழை அவர் பக்கம். அப்படியிருந்தும் ஏசுகிறார். அந்த ஏச்சைச் சைவம் தேவாரத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. மற்றக் கண்ணும் அந்த வாசலில்தான் கிடைத்தது.

வேதக்காரரிடமும் இது உண்டு. "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்குகிறது 22ஆம் சங்கீதம். சிலுவையில் இயேசு சொன்னதும் அந்த வார்த்தைதான். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு நன்றி, ஒரு துதி என்று எதுவும் இல்லை. அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற நம்முடைய கல்வெட்டுப் புத்தகங்களில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். திதி வெண்பா முடிந்து புலம்பல் தொடங்கினால் "கொடிய காலனே, கண் இல்லையோ உனக்கு" என்று எல்லாப் பழியும் யமன் தலையில் விழும். முருகனைத் தொடமாட்டார்கள். யமன் பாவம். முருகனிடமே நேராகக் கேட்டுவிடுங்கள் என்பது என் எண்ணம்.

அழுதால் நம்பிக்கை இல்லை என்று ஆகுமா? "தைரியமாய் இரு" என்கிறார்களே.

சோனகத்தெருவில் என்னோடு சிறு வயதில் பந்தடித்த நண்பர் ஒருவர் புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டுச் சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தார். வந்து இரண்டு வருடத்தில் அவர் மகள் தவறினாள். நான் போனபோது அவர் ஒரு கதை சொன்னார். மகன் யூசுஃபைத் தொலைத்த யஃகூப் நபி "அழகிய பொறுமை" என்று சொன்னவர். அதே நபிதான் அழுது அழுது கண் வெளுத்துப்போனவர். என் துயரத்தை அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன் என்றும் சொன்னார். இரண்டும் குர்ஆனின் ஒரே அத்தியாயத்தில் வருகின்றன. "பொறுமையெண்டா அழாமல் இருக்கிறதெண்டு யாரோ சொல்லிப்போட்டினம்" என்றார் நண்பர். சொல்லும்போது அழுதுகொண்டுதான் இருந்தார்.

கும்பிட மனமே வரவில்லை. தேவாரம் வாயில் வருகுது, நெஞ்சில் ஒன்றும் இல்லை. விட்டுவிடவா?

இதற்கு இரண்டு பெண்களின் கதைதான் என் பதில்.

முதலாவது திலகவதியார். அப்பரின் தமக்கை என்று ஒரு வரியில் படிப்பித்துவிட்டுக் கடந்துபோவோம். கொஞ்சம் நின்று பாருங்கள். தகப்பன் புகழனார் நோயில் போகிறார். தாய் மாதினியார் கூடவே போகிறார். கலியாணம் பேசி வைத்திருந்த கலிப்பகையார் போருக்குப் போய்த் திரும்பவில்லை. போரில் மாப்பிள்ளையைப் பறிகொடுத்த பெண் என்றால் எங்கள் ஊரில் விளக்கம் தேவையில்லை, தெருவுக்கு ஒரு திலகவதி இருக்கிறார். அவரும் சாகத்தான் நினைக்கிறார். பெரியபுராணம் அவருக்கு ஒரு தத்துவமும் சொல்லவில்லை, காரணமும் சொல்லவில்லை. "தம்பியார் உளராக வேண்டும்" என்ற ஒன்றுக்காக உயிரைத் தாங்கினார் என்கிறது. தம்பிக்குச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான். பிறகு அந்தத் தம்பியும் சமயம் மாறிப் போய்விட, திருவதிகைக் கோயிலில் விடியமுன் கூட்டுகிறார், சாணம் போட்டு மெழுகுகிறார், பூமாலை கட்டுகிறார். தம்பி நோவோடு திரும்பி வந்த அன்றும் கையில் விளக்குமாறும் தோண்டியும் மெழுகு சாணமும்தான். அந்த வருடங்களில் அவர் நெஞ்சில் என்ன இருந்தது என்று சேக்கிழார் கனக்கச் சொல்வதில்லை. கையில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்கிறார்.

இரண்டாவது என் மனைவி. பிள்ளை போன பிறகு சாமியறைக்குள் போனாள், ஆனால் விளக்கு ஏற்றவில்லை. வியாழன் பின்னேரம் குத்துவிளக்கைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து, பழப்புளி போட்டு ஊறவைத்து, தும்பால் தேய்த்து, கழுத்து மடிப்பில் இருக்கிற பச்சையைத் தீக்குச்சியால் கிண்டி எடுத்து, கழுவித் துடைத்துத் திரும்பக் கொண்டுபோய் வைப்பாள். திரி போடமாட்டாள். எண்ணெய் விடமாட்டாள். வெள்ளிக்கிழமை மினுங்கிக்கொண்டு இருட்டில் நிற்கும். ஏழு மாதம். சமய வாத்தியார் வீட்டில் விளக்கு இல்லை என்று ஊரில் கதை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அது புத்தி என்று இப்போது பெருமையாகச் சொல்லலாம். உண்மையில் பயம், கேட்டால் தேய்ப்பதையும் விட்டுவிடுவாளோ என்று.

ஆகவே நெஞ்சு வரும்வரை கை செய்யட்டும். ஒன்றும் வாயில் வராவிட்டால் தொண்டைமானாற்றுச் சந்நிதிக்குப் போங்கள். அங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். மந்திரம் இல்லாத சந்நிதானத்தில் உங்களிடமும் யாரும் சொல் கேட்கமாட்டார்கள். பூசை முடிய மடத்தில் சாப்பிடலாம். அன்னதானக் கந்தன் என்று சும்மா பெயர் வரவில்லை.

கோயிலுக்குப் போகத்தான் மனம் துடிக்குது, ஆனால் முப்பத்தொரு நாள் துடக்கு. இது என்ன நியாயம்?

எனக்கும் இது முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவும் தேவையான மாதத்தில்தான் கோபுரத்தைத் தூர நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. பழையவர்கள் சொல்கிற ஒரு நல்ல காரணம், அந்த மாதம் உங்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கக்கூடாது, கடவுள் உட்பட, என்பது. ஓய்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்குள் நினைப்பதற்குத் துடக்கு இல்லை. வீதியில் நின்று கும்பிட்டதற்காக முருகன் யாரையும் துரத்தியதாக நான் கேள்விப்படவில்லை.

நேர்த்தி வைத்துவிட்டுச் செய்யாமல் விட்டோம். அதனாலா?

இல்லை. பிள்ளைக்கு மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சண்டையிலும் இடப்பெயர்விலும் மறந்துபோன குடும்பங்கள் இந்தக் குடாநாட்டில் எத்தனை ஆயிரம்! தவணை தவறியதற்கு ஆளை எடுக்கிற தெய்வம் என்றால் ஊரே மிஞ்சியிராது. மனம் உறுத்தினால் நல்லூர்த் திருவிழா 25 நாளில் ஒரு நாள் போய்ப் பிரதட்டை செய்யுங்கள், கற்பூரச் சட்டி எடுங்கள். குற்றப்பணம் கட்டுகிற எண்ணத்தோடு மட்டும் போகாதீர்கள்.

சாத்திரம் பார்த்தால் காரணம் தெரியுமா?

காரணம் கட்டாயம் சொல்வார்கள். ஏழரைச் சனி, இல்லாவிட்டால் செய்வினை, அதுவும் இல்லாவிட்டால் கிணறு வெட்டிய மூலை பிழை. மூன்று பேரிடம் போனால் மூன்று காரணமும் மூன்று விலையும் வரும். போகவேண்டாம் என்று தடுக்கமாட்டேன், மூழ்குகிறவர் எதையும் பிடிப்பார். காசு கடன் வாங்கிப் போகாதீர்கள்.

"எங்களை முருகன் காப்பாற்றினார்" என்று சொல்வது பிழையா? ஷெல் அடுத்த வீட்டில் விழுந்தது.

உங்கள் வீட்டுக்குள் சொல்லுங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்காமல் சொல்லுங்கள்.

அவர் 2009இல் காணாமல் போனவர். பிள்ளைகளுக்கு இப்ப ஆடி அமாவாசை பிடிக்கச் சொல்லவா, வேண்டாமா?

எனக்கு ஆகக் கஷ்டமான கேள்வி இது. சமயமும் தடுமாறுகிற இடம். தகப்பன் இல்லாத பிள்ளைகள் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்கிறார்கள். இருக்கிறவருக்கு அதைச் செய்தால் அபசாரம். இறந்தவருக்குச் செய்யாமல் விட்டால் குறை. இரண்டும் இல்லாதவருக்கு?

பன்னிரண்டு வருடம் காத்திருந்து, தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்யலாம் என்று சில குருக்கள்மார் சொல்வார்கள். 2009 மே மாதத்திலிருந்து எண்ணினால் அந்தப் பன்னிரண்டும் 2021இல் முடிந்துவிட்டது. சட்டத்தில் இதற்கு 2016இல் ஒரு வழி வைத்தார்கள். மரணச் சான்றிதழ் வேண்டாதவர்கள், ஆள் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிற சான்றிதழ் எடுக்கலாம். சமயத்தில் அப்படி ஒரு கடதாசி இல்லை. சனம்தான் தானாகச் செய்துகொள்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி ஆடி அமாவாசைக்குக் காலையிலேயே சந்தைக்குப் போய்க் காத்தோட்டிக்காய் வாங்குவார். விரதச் சமையல் எல்லாம் முறைப்படி நடக்கும். தலைவாழை இலையில் படைப்பார். காகத்துக்கு மட்டும் வைக்கமாட்டார். ஒருமுறை மகன் ஒரு பிடி சோற்றை உருட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போகக் கையைப் பிடித்து நிறுத்தினார். "காகத்துக்கு வைச்சால் அவர் செத்தவர் எண்டாகிடும் மாஸ்ரர்" என்றார் என்னிடம். பெடியன் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தானே சாப்பிட்டான்.

இது சாத்திரத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கும் இல்லை. இருந்தும் இதைவிட நேர்மையான கிரியையை நான் பார்த்ததில்லை. ஆகவே உங்களுக்கு எது முடியுமோ அது. கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடக்கம் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற தாய்மாரைப் பாருங்கள். பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். "செய்து முடி, மனம் ஆறும்" என்று அவர்களிடம் போய்ச் சொல்கிறவர்களுக்கு அவசரம். அவசரம் அவர்களுக்குத்தான்.

சபைக்கு வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். போனோம். சரியாகாததற்கு எங்கள் விசுவாசம் காணாதாம்.

சமயம் மாறுவது உங்கள் விருப்பம், அதில் நான் தலையிட வரவில்லை. ஆனால் "விசுவாசம் காணாது" என்பதும் மாமி சொன்னதும் ஒரே கத்தி, பிடிதான் வேறு. அவர்கள் கையில் இருக்கிற வேதாகமத்திலேயே யோபுவின் கதை இருக்கிறது. பிள்ளைகள், சொத்து, உடம்பு எல்லாம் போய்ச் சாம்பலில் இருக்கிறான். மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாளும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் நிலத்தில் கூட இருக்கிறார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். எட்டாம் நாள் வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்குகிறார்கள், நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று. கடைசியில் கடவுள் கோபித்தது யாரில்? யோபுவில் இல்லை, கடவுளுக்காக வாதாடிய அந்த நண்பர்களில்! இன்னொன்று, தனக்கு ஏன் அப்படி நடந்தது என்று யோபுவுக்குக் கடைசி வரை யாரும் சொல்லவில்லை. கதை படிக்கிற எங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

குருநகரிலோ பாசையூரிலோ உங்களுக்குத் தெரிந்த கத்தோலிக்கர் இருந்தால் தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் கேட்கக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மரியாளின் புலம்பலை நம்முடைய ஒப்பாரி போலவே இழுத்து இழுத்து வாசிப்பார்கள். அங்கே ஒருவரும் விசுவாசம் அளப்பதில்லை.

யோகர் சுவாமி "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்றாரே. இவ்வளவு பொல்லாப்பும் கண்ணுக்கு முன்னால் இருக்கு.

நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி சொல்லி, கொழும்புத்துறையில் இருந்த யோகர் சுவாமி (1872-1964) வழியாக எங்கள் வீடுகளுக்கு வந்த நாலு வாக்கியம்: ஒரு பொல்லாப்பும் இல்லை, எப்பவோ முடிந்த காரியம், நாம் அறியோம், முழுதும் உண்மை. சனம் முதலாவதைத்தான் சட்டம் போட்டு மாட்டுகிறது. அந்த உயரத்தில் நின்று பார்த்தவருக்கு அது உண்மையாக இருக்கும். நான் அந்த உயரத்துக்குப் போனதில்லை. செத்தவீட்டில் நின்று அதைச் சொல்கிறவர்களும் போனதாகத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. நாம் அறியோம். "நீ அறியாய், நான் சொல்கிறேன்" என்று இல்லை. குருவும் சீடனும் கேட்கிறவனும் ஒரே வாங்கில் இருந்து சொல்கிற "நாம்". நாலில் ஒன்றுதான் மாட்டலாம் என்றால் துன்பம் வந்த வீட்டில் நான் இதைத்தான் மாட்டுவேன்.

நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, சாகத் தோன்றுகிறது. விரதம் பிடித்தால் மாறுமா?

விரதம் பிறகு. முதலில் டொக்டர். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் என்றால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல உதவி எண் அது. சம்பந்தர் சொன்ன "உய்வினை" இதுவும்தான். மருந்து குளிசை எடுப்பதால் முருகன் குறைவாக நினைக்கமாட்டார். என் மனைவி எடுத்தாள். நானும் ஒரு வருடம் எடுத்தேன், பள்ளிக்கூடத்தில் யாருக்கும் சொல்லவில்லை. அந்த வெட்கம் தேவையில்லாதது.

எல்லாம் செய்து பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை. போயே போய்விட்டது போல இருக்கு.

போகட்டும். உங்களை இழுத்துவர நான் வரவில்லை. கோயில் வாசலில் யாரும் வரவு எடுப்பதில்லை. மனைவி ஏழு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை திரி போட்டாள். ஏன் அன்றைக்கு என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை கேட்கவும் இல்லை. என் நண்பன் ஒருவன், தம்பியைப் பறிகொடுத்தவன், திரும்பி வரவேயில்லை. திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுவான், கும்பிடமாட்டான். இரண்டு பேரோடும் ஒரே வாங்கில் இருக்க எனக்கு முடிகிறது.

செத்தவீட்டுக்குப் போனால் என்னதான் சொல்வது? ஒன்றும் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே.

ஒன்றும் சொல்லாமல் இருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் சரியாகத்தான் செய்தார்கள். முடியாவிட்டால் செத்தவரின் பெயரைச் சொல்லுங்கள், அவர் செய்த ஒரு குழப்படியைச் சொல்லுங்கள். எங்கள் மூத்தவன் போய் மூன்றாம் நாள் அவனுடைய வகுப்புப் பெடியன் ஒருவன் வந்து, "சேர், அவன் என்ரை அழிறப்பர் வாங்கினவன், திருப்பித் தரேல்லை" என்றான். அந்த வாரம் நான் கேட்ட ஒரேயொரு நல்ல வார்த்தை அது. இரண்டு பேருமாகத் தேடினோம். கொம்பாஸ் பெட்டிக்குள் இருந்தது, ஒரு மூலை கடித்தபடி.

அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் வெறுங்கையோடு போகாதீர்கள். பெரிய போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோங்கள், பிளேன்ரீ போதும், இஞ்சி தட்டிப் போட்டு, சீனி கொஞ்சம் கூட. பேணியும் நீங்களே கொண்டுபோங்கள், அங்கே கழுவ ஆள் இராது.